பள்ளத்துக்கு வழி காட்டிய பஞ்சாலை

மலேசியாவில் பெடாஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பஞ்சாலை இருபது வருடம் புல்லுக்கு மருந்தடித்தாள். எண்பத்தாறில் தோட்டத்தின் தாழ்வான பள்ளத்தில் மண் அள்ளச் சின்ன இயந்திரம் ஒன்று வாங்க நினைத்த தோட்ட மேலாளர் துரை, டயர் வண்டியா, இரும்புப் பட்டையில் ஓடும் செயின் வண்டியா என்று டிரைவர் தங்கராஜுவிடம் கேட்டார்.

"டயர்தான் வேகம் தொரை," என்றான் அவன்.

பக்கத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த பஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. "மழை பேஞ்சா பள்ளத்துல என் முட்டிக்காலே பொதையுது தம்பி. டயர் நிக்காதுலா."

துரை அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போனார். அவருடைய பூட்ஸ் ஒன்று சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த மாதம் செயின் வண்டி வந்து இறங்கியது.

இப்போது சிரம்பானில் மகள் வீட்டில் இருக்கும் பஞ்சாலை, வண்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

"அன்னைக்கு நான் முன்னால நடந்தேன், தொரை பின்னால வந்தாரு," என்பாள் சிரித்துக்கொண்டே.