என் பணம் வேலைக்குப் போகிற கேட்

மத்தியானத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கமும் வராது, விழிப்பும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் என் பணத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான ஒரு பெண். தலையைப் படிய வாரி, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். வேலைக்கு என்றது. எந்தக் கம்பெனி என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கி, வெயிலில் கரைந்துபோனது.

கனவு என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த வாரம்தான் என் மருமகன் என் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ செய்கிற கம்பெனியில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய வேலை பார்த்தவள் நான். வேலையை விட்டு நின்றபோது வந்த பணம் யாரும் தானமாகத் தந்ததல்ல, என் விரல்கள் தந்தது. மேனாம்பேட்டில் இந்த வீட்டைக் கட்டியது போக மிச்சத்தை பேங்கில் போட்டு வைத்தேன். படிப்பு என்று பெரிதாகக் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்து போடுவேன். எந்தக் காகிதத்திலும் இதுவரை கைநாட்டு வைத்ததில்லை.

மருமகன் வானகரத்தில் கார் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அத்தே, பேங்க்குல உங்க துட்டு சும்மா தூங்கிக்கினு கீது. ஷேர்ல போட்டா ஓடும்."

"எங்க ஓடும் மாப்ளே?"

"எங்கனா ஓடும். அது இன்னாத்துக்கு நமக்கு? ஏறுதான்னு பாத்தா போதும்."

போனில் ஒரு பச்சைக் கோடு, மலைப்படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. காருக்கு ஒயர் செய்கிற கம்பெனியாம். திருமழிசை எஸ்டேட்டில் அதற்கு ஒரு யூனிட் இருக்கிறதாம். திருமழிசை என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. பஸ் போகிற இடம்தானே.

"சரி, போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எத்தப் பாத்துட்டு?"

"கம்பெனிய."

என் மகள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ம்மா, ஷேர் வாங்கறதுக்கு யாருனா கேட்டாண்ட போய் நிப்பாங்களா?"

"உன்ன மொத மொத வேலைக்கு அனுப்பறப்ப நான் போய் நிக்கல?"

எங்கள் தெருவில் அது வழக்கம். பெண்ணை ஒரு கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன் பெற்றவள் ஒருநாள் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குப் போய், எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாள். சம்பளத்தைச் சொன்னால் போதாது. வெளியே வருகிற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிரிப்பு கேட்டுக்கு உள்ளேயே தொடங்குகிறதா, கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகா என்று பார்க்க வேண்டும். பணத்தை அனுப்புவதற்கு மட்டும் வேறு வழக்கமா?

பூந்தமல்லியில் பஸ் மாறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. நெடுஞ்சாலையில் கானல் மிதந்தது. அதற்குள்ளிருந்து லாரிகள் குளித்துவிட்டு எழுந்து வருவதுபோல் வந்தன. ஷெட்டுகளுக்கு நடுவில் துண்டு துண்டாக வயல். எனக்கு முன் சீட்டில் அந்த ஒல்லிப் பெண் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் பின்னலில் பூ கூட இருந்தது.

கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும்.

"இன்னா ஆயா, யாருக்கு வெயிட் பண்ணிக்கினு கீற? பொண்ணு உள்ள வேல செய்தா?"

"இன்னும் சேக்கல. சேக்கலாமான்னு பாக்க வந்தேன்."

"பெரிய கேட்டுல சேத்தா சேரு" என்று சொல்லி டீயை வைத்தாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

சங்கு ஊதியது. கேட்டுக்கு உள்பக்கம், இரும்பு செம்பு எதுவும் இருந்தால் சத்தம் போடுகிற ஒரு மிஷின் வாசல் வைத்திருந்தார்கள். நீலக் கோட்டு போட்ட பெண்கள் அதற்குள் நுழைந்து வந்தார்கள். யாரும் அவர்களைத் தொடவில்லை, பையைத் திறக்கச் சொல்லவில்லை. சிரிப்பு உள்ளேயே தொடங்கியிருந்தது.

எங்கள் கேட்டில் அந்தக் காலத்தில் ஒரு மர மேசைதான். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். பித்தளை ஸ்க்ரூ குறைகிறது என்று ஒருநாள் என் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். ஆண்கள் வரிசை பார்த்துக்கொண்டு நின்றது. அவிழ்த்தேன். மேசை மேல் கனகாம்பரம் உதிர்ந்தது, ஸ்க்ரூ உதிரவில்லை. நான் பூவைப் பொறுக்காமல், முடியையும் முடியாமல், அப்படியே எஸ்டேட் ரோட்டில் வீடு வரை நடந்து வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முதுகில் முடி கனக்கும்.

ஆகவே மிஷின் வாசலைப் பார்த்ததும் மனம் பஞ்சாகிவிட்டது. போடலாம் என்று முடிவு செய்து எழுந்தேன். அப்போதுதான் மதிலோரம் இன்னொரு சின்ன கேட் திறந்தது. கோட்டு இல்லாத பெண்கள், ஒரு வேன் நிறைய. ஒவ்வொருத்தியாக நிறுத்தி, ஒரு அம்மாள் பைக்குள் கையை விட்டுக் கிளறினாள். துப்பட்டாவை உதறச் சொன்னாள்.

"அதுங்க காண்ட்ராக்ட்டு ஆயா" என்றாள் டீக்கடைப் பெண். "அதுங்களுக்கு அந்தக் கேட்டுதான்."

அந்தப் பெண்களும் சிரித்தார்கள். வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு.

வீட்டுக்கு வந்து வேண்டாம் என்று சொன்னேன். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தே, இப்டிப் பாத்தா எந்தக் கம்பெனிலயும் போட முடியாது. பேங்க்குல வெச்சா மட்டும் சுத்தமா? பேங்க் இந்தக் கம்பெனிக்குத்தான் லோன் குடுக்குது. உங்க துட்டு ஏற்கெனவே அங்கதான் வேலைக்குப் போய்க்கினு கீது!"

அவர் சொன்னது நிஜம்தான் என்று பட்டது. இத்தனை வருஷம் அந்தப் பெண்ணைப் பத்திரமாக உள்ளே படுக்க வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அவள் நான் கண் அசந்த நேரமெல்லாம் எழுந்து எந்தெந்தக் கேட்டிலோ நின்றுவிட்டு வந்திருக்கிறாள். பாயில் படுத்தால் இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

மறுநாள் காலையில் கேட்டேன். "மாப்ளே, ஷேர் வெச்சிருக்கறவ கம்பெனியக் கேள்வி கேக்கலாமா?"

"கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தாலும் நீங்க மொதலாளிதான்." கிண்டலாகத்தான் சொன்னார். மகளும் விடவில்லை. "மொதலாளியம்மா, காப்பி குடிக்கிறியா?"

பத்து ஷேர் வாங்கச் சொன்னேன். மீதி பேங்கிலேயே இருக்கிறது. அது போகிற இடமெல்லாம் போய் நிற்க என் காலால் முடியாது. ஒரு கேட்டையாவது கேட்கலாம்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றாள் மகள். நான் விடவில்லை. நானே எழுதினேன், மூன்று நாள் ஆயிற்று. "திருமழிசை யூனிட் சின்ன கேட்டிலும் மிஷின் வாசல் வைக்கவும். பெண்கள் பையில் கை விட வேண்டாம். இப்படிக்கு, பத்து ஷேர் உள்ளவள்." கீழே கையெழுத்து. மேல்விலாசம் மட்டும் மகள் எழுதினாள்.

அது போய் இரண்டு மாதம் ஆகிறது. பதில் இல்லை. பத்து ஷேர்காரிக்குப் பதில் எழுதுவார்களா என்பதும் தெரியவில்லை. மருமகன் மட்டும் வாரம் தவறாமல் சொல்கிறார், "ஏறிக்கினே கீது அத்தே." நான் சின்ன கேட் என்ன ஆயிற்று என்று கேட்பேன். அவர் போனைப் பார்ப்பார். போனில் அது தெரியாது.

வருகிற வாரம் திரும்பவும் போய்ப் பார்க்கப் போகிறேன். பெண்கள் பையை இன்னும் கிளறிக்கொண்டிருந்தால், விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் அன்றைக்கே விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஏறும், இப்போது விற்றால் நஷ்டம் என்றார். ஆகட்டும் என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எத்தினி மணிக்கு அத்தே ஷிஃப்ட் உடுவாங்க?" என்று கேட்டார். "நானும் லீவு போட்டுட்டு வரேன். பைக்ல போலாம்."