சமாரியத்துக்குத் துணையா ரெண்டு பெருத்த ஆளு

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை. காலேஜ் லேபில கண்ணாடி கழுவுறவன் நான். குடுவை சுத்தமா இருந்தா யாருக்கும் நம்ம ஞாபகம் வராது. ஒரு சொட்டு ஈரம் இருந்தா எல்லாருக்கும் வரும். என்னை மாதிரி அட்டெண்டராக் காலந்தள்ளுறவுகளுக்கு இது தெரியும்.

மலைக்காத்து

ஆராய்ச்சிக்கு ஜெயமங்கலத்து மேடம் ஒருத்தவுக வந்தாக. சமாரியம்னு ஒரு உலோகம், லாந்தனைடு வகையறாவாம். அதைக் கரியோட சேர்த்துக் கத்திரிப்பூ நிறத்துல ஒரு பொருள் செய்யணும். அதுல ஒரே ஒரு படிகமாவது பிழைக்கணும். மூணு வருசம் கெடு. ஆர்கான் வாயு நிரப்புன கண்ணாடிப் பெட்டிக்குள்ள, தடித்த ரப்பர் உறையில கையை நுழைச்சுத்தான் வேலை. வெளிக்காத்து பட்டா மஞ்சளாச் செத்துப்போகும். ஒரு நாள் சன்னலைத் திறந்து, காத்து எப்படி வருது பாருங்கன்னேன்.

"உங்களுக்கும் எனக்கும் நல்ல காத்துண்ணே. அந்தப் பயலுக்கு எமன்."

ஆயுதபூசை

ரெண்டாம் வருசம் பூசையில, அடுப்புல காய்ஞ்ச குடுவைக்கெல்லாம் சந்தனப் பொட்டு வச்சுத் தீர்த்தமும் தெளிச்சேன். அப்புறம் வெளிப்பக்கத்தை மட்டும் துடைச்சேன். உள்வாயில ஈரம் நின்னிருக்கு. மத்தியானம் மேடம் அதுலதான் சரக்கை ஊத்துனாக. ரெண்டு மாச உழைப்பு கண்ணு முன்னாடி மஞ்சளாச்சு. தீர்த்தம் தெளிச்சதை ஒத்துக்கிட்டேன்.

"சாமியைக் கும்பிட்டது சரிண்ணே, குடுவையை ஏன் குளிப்பாட்டுனீக?"

டவுன் பஸ்

இனி எப்படித்தான் பிழைக்கும்னு கேட்டேன். சமாரியம் பெரிய அணுவாம், சுத்தி நிறைய இடமாம். சின்ன ஆளுகளைத் துணைக்கு வச்சா இடுக்குல தண்ணி நுழைஞ்சிரும். அதனால கிளைகிளையாப் பெருத்த கரி வளையம் ரெண்டை, பக்கத்துக்கு ஒண்ணா வைக்கப் போறேன்னாக. எனக்குப் புரியலைன்னதும் என் பொண்டாட்டியை உதாரணத்துக்கு இழுத்தாக.

"காமயகவுண்டன்பட்டி பஸ்ல, மூணு பேரு சீட்டுல மதினியும் அவுக தங்கச்சியும் உட்கார்ந்தா இன்னொருத்தி ஏற முடியுமாண்ணே?"

கடைசி நாள்

பெருத்த வளையம் காப்பாத்திருச்சு. கடுகளவு படிகங்க விளைஞ்சுச்சு. சென்னையில எக்ஸ்ரே மிஷின்ல படமும் எடுத்தாச்சு: நடுவுல சமாரியம், ரெண்டு பக்கமும் வளையம் அடைச்சுக்கிட்டு நிக்குது. கெடு முடிஞ்சு மேடம் ஊருக்குக் கிளம்புன அன்னைக்குப் பெட்டிக்குள்ள ஒரே ஒரு படிகம் மிச்சம். அவுக போனா அதைப் பார்த்துக்க ஆளில்லை.

"கண்ணாடி குறுக்க இல்லாம இதை ஒரு தடவை பார்க்கணும்ணே. வாங்க."

வெளியே எடுத்து மேசையில வச்சாக. கத்திரிப்பூவே தோத்துப்போகும். மூணு வருசமா அதுமேல காத்துப் படாமப் பொத்தி வளர்த்தவுக, கடைசியாச் செஞ்சது இதுதான்: அது மஞ்சளாகி முடியிற வரைக்கும், தன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக.