பச்சைத் துணியும் எட்டு விநாடி வானமும்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில், எங்கள் திருப்பூரில் ஒரு வயது நிறைந்த எந்தக் குழந்தையும் என் அத்தையிடமிருந்து தப்பியதில்லை. உள்ளூர் கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவது அத்தைதான். ரோஜாப்பூ விரியும், உள்ளே குழந்தை சிரிக்கும், நாலு மூலையிலிருந்தும் தாய்மாமன்கள் பறந்து வந்து வரிசையாக நிற்பார்கள். இளைய மாமன் முந்திப் பறந்துவிட்டால் மூத்த மாமன் போன் போட்டுக் கோபித்துக்கொள்வார். அதையும் அத்தைதான் சமாளிக்க வேண்டும்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் விரலகலத் துண்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, அதே நிறத்தை டன் கணக்கான துணியில் கொண்டுவந்துவிடுவார். ஷேடு தப்பியது என்று அவரிடம் ஒரு துணியும் திரும்பி வந்ததில்லை. அத்தை எது கேட்டாலும் அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் அந்தச் சொல் தாராளமாக வரும்.

சேனல் ஆபீஸ் ஒரு பழைய பனியன் கம்பெனியின் மாடியில் இருந்தது. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். அறை குளுகுளுவென்றிருக்கும், ஏசி மனுஷருக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. மேசையில் ஒரு கறுப்புப் பலகை. அத்தையின் பேனா அதன் மேல் ஓடும், கோடு திரையில் விழும். எழுத்துகள் மீன்போல நீந்தி வந்து தத்தம் இடத்தில் நிற்கும். கீழ்த்தளத்துத் தையல் மெஷின்களின் சத்தம் தரை வழியாக ஏறி வர, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே எனக்குத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல் அத்தையை அழைத்தது. சொந்தமாகச் செய்த எட்டு விநாடிப் படம் ஒன்றைப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை. சாம்பிள் ஓகே ஆகாமல் எங்கள் ஊரில் ஒரு பனியன்கூட நகராது என்பதால், இது எல்லாருக்கும் உடனே புரிந்தது.

ஒரு சிறுமி வெள்ளை நூலின் மேல் நடந்து போகிறாள். நூல் விரிந்து துணியாகிறது, துணி ஆறாகிறது, ஆறு வானமாகிறது. இதுதான் அத்தை நினைத்து வைத்திருந்த படம். சிறுமி நான். பச்சைத் துணி முன்னால் என்னை நடக்கவிட்டுப் படம் பிடித்தால், கம்ப்யூட்டர் பச்சையை மட்டும் எடுத்துவிடும்; அந்த இடத்தில் வானத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பச்சை எங்கும் ஒரே பச்சையாக இருக்க வேண்டும்.

"கையகலங்கூட ஷேடு மாறாம ஒரு பச்சைத்துணி வேணுமுங்கண்ணா," என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "சென்னைக்குப் போயே ஆகோணுமா?" என்றார்.

"போகோணுமுங்கண்ணா."

"செரி. போட்டுத் தர்றேன்."

மூன்றாம் நாள் துணி வந்தது. சுவர் முழுக்க இழுத்துக் கட்டி விளக்கைப் போட்டதும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஓரிடம் இளம்பச்சை, ஓரிடம் பாசிப்பச்சை. திரையில் என் வானம் கந்தலாகிவிட்டது. மேகங்களுக்கு நடுவே பச்சைத் தீவுகள் நின்றன. என் ஒரு கையில் பாதியைக் காணோம். வானத்தில் புல் முளைத்திருக்கிறது என்று நான் குதித்தேன்.

அத்தை துணியின் ஓரத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லி வேற துணி போட்டுத் தரச் சொல்லட்டுங்களா அத்தை?"

"வேண்டாங் கண்ணு. இதே போதும்."

விநாடிக்கு இருபத்தைந்து படம். எட்டு விநாடிக்கு இருநூறு. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்திருக்க வேண்டியதை அத்தை கையால் செய்தாள். ஒவ்வொரு படத்திலும் என் முடியை, விரல்களை, பாவாடை ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து பச்சையிலிருந்து என்னைப் பிரித்தெடுத்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவாள். பத்தாம் நாள் மத்தியானம் படத்தை அனுப்பினாள். திரையில் நான் ஒரு பிசிறும் இல்லாமல் வானத்தில் நடந்துகொண்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது.

அத்தை சென்னைக்குக் கிளம்பிய அன்று, காலை ரயிலுக்கு அப்பாதான் பெட்டியைத் தூக்கி வந்தார். அவர் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அத்தை ஜன்னல் வழியாக என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"வண்டி போனதுக்கப்புறம், துணி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லோணும். என்ன கண்ணு?"

சொன்னேன். அப்பா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயம் பிடிப்பதற்கான சோடாவைச் சிறுகச் சிறுக விட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் திட்டு விழும் என்பதெல்லாம், நான் வளர்ந்து ஒரு கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் கைக்கு அது தவறிப்போய் வரக்கூடிய தப்பே அல்ல. வாயில் வராத 'இல்லை'யை அவர் சாயத்தில் சொல்லியிருக்கிறார். துணியைத் தொட்டதுமே தங்கைக்குப் புரிந்திருக்கிறது. 'தெரியும், கோபமில்லை' என்பதைத்தான் என்னிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பாராட்டினால் பெரியவர்களுக்குச் சந்தோஷத்தில் அழுகை வரும் போலிருக்கிறது என்று நினைத்து, வீடு வந்து சேர்வதற்குள் அதையே இன்னும் நாலு தடவை அப்பாவிடம் சொன்னேன்.