வெயிலில் நிறுத்திய சூப்பர் கார்

1. மஞ்சள் வட்டம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஷோரூமைத் திறந்து, அந்தக் காரின் மேல் போட்டிருந்த உறையை எடுத்தேன். பானெட்டின் நடுவில் முந்தின நாள் சாயங்காலம் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்திருந்தன. ஈரத்துணியால் பைய ஒற்றினேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் இருந்த இடம் மட்டும் போகவில்லை. சிவப்பு பாதி, மஞ்சள் பாதியாக எலுமிச்சை வில்லை அளவுக்கு விரிந்து நின்றது.

அது விற்பனைக்கு வந்த கார் இல்லை. எங்கள் கம்பெனி செய்கிற சூப்பர் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூட விற்றதில்லை. டாக்டர்களும் வக்கீல்களும் ஆலை முதலாளிகளும் எங்களிடம் வாங்குவது சாதாரண நாலு கதவு கார்கள்தான். சாதாரணம் என்றால் எங்கள் கணக்கில் சாதாரணம். சூப்பர் காரைக் கம்பெனியே ஊர் ஊராக லாரியில் அனுப்பி, ஒவ்வொரு ஷோரூமிலும் ஒரு நாள் காட்சிக்கு வைக்கச் சொல்லியிருந்தது.

அதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. முதலாளி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீஜினல் மேனேஜர் வாராரு. திருநெல்வேலில ஷோரூம் இருக்கணுமா, மதுரையோட சேத்துரலாமான்னு அவரு எழுதுத ரிப்போர்ட்தான்வே முடிவு. காரு வந்த இடத்துல ஒரு கீறல் விழுந்தாலும் நம்ம கதை முடிஞ்சுது. பாத்துக்கிடும்."

ஷோரூமில் நாங்கள் ஒன்பது பேர். மூடினால் இரண்டு பேரை மதுரைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஐம்பத்து நாலு வயதில், பத்தாம் வகுப்புப் படிப்போடு, கார் துடைக்க வந்து சேல்ஸ் மேனேஜர் ஆன நான் அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருக்க வழியில்லை.

2. பதினெட்டு வரி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரில் இரண்டு வகைப் பெயிண்ட் உண்டு. நாம் தெருவில் பார்ப்பது பளபளப்பு வகை. கறை பட்டால் காம்பவுண்ட் என்கிற பசை போட்டுத் தேய்க்கலாம், பாலிஷ் போடலாம். இன்னொன்று மேட் பெயிண்ட்; இந்த வெள்ளைக் காரில் இருந்தது அதுதான். பார்ப்பதற்குக் கரும்பலகை மாதிரி மங்கலாக இருக்கும். அதைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மின்னும். மின்னினால் மின்னியதுதான், மறுபடி மங்காது. முழுப் பானெட்டையும் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கான பெயிண்ட் நம் ஊரில் கிடையாது.

காரோடு ஒரு தாள் வந்திருந்தது. செய்யக் கூடாதவை பதினெட்டு. இங்கிலீஷில் இருந்தாலும் வரி விடாமல் படித்தேன். மெஷினில் கழுவக் கூடாது, மெழுகு கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, அதிக நேரம் வெயிலில் நிறுத்தக் கூடாது. எல்லாம் இருந்தது. சந்தனம் வைக்கக் கூடாது என்று இல்லை.

எங்கள் ஷோரூமில் எந்தக் கார் உள்ளே வந்தாலும், டெமோ காராக இருந்தாலும், முதலில் சந்தனம், குங்குமம், சூடம். கை தானாகப் போகும். வியாழன் சாயங்காலம் லாரியிலிருந்து இறக்கியபோதும் போயிற்று. யாரும் தடுக்கவில்லை. ஒர்க் ஷாப்பின் பெயிண்டர் இசக்கி பக்கத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். இருபது வருஷம் பெயிண்ட் அடிக்கிறவன்.

காலையில் அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். ஓடி வந்தவன் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினான்.

"தேய்ச்சிராதீய அண்ணாச்சி! தேய்ச்சா அந்த இடம் வழுக்கத்தலை மாதிரி மின்னும். ஊருக்கே தெரியும்."

"நீதானலே பெயிண்டரு? நேத்தே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நானும் கும்பிட்டுக்கிட்டுல்லா நின்னேன்!"

3. பேச்சியக்கா கேட்டது

பேச்சியக்கா எங்கள் ஷோரூமைக் கூட்டித் துடைப்பவர். சீட் டவல்களைத் துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான். வாளியோடு உள்ளே வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?"

நான் கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பதற்றமே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைக் குங்குமமா, வீட்டுக் குங்குமமா?"

"வீட்டுக் குங்குமம்தான்க்கா. என் வீட்டுக்காரி மஞ்சளை எலுமிச்சம்பழச் சாத்துல ஊறப்போட்டுச் செஞ்சது."

"அப்ப பொழச்சிக்கிட்டீரு. கடைக் குங்குமத்துல சாயம் கெடக்கும், அது ஏழு தண்ணிக்கும் போவாது. மஞ்சக் கறையை வெயிலு தின்னுரும். கல்யாண வீட்டு வேட்டியெல்லாம் பின்ன எப்பிடி வெளுத்தோம்? ஆத்துல அலசி மணல்ல விரிச்சா, மத்தியானம் கறை இருந்த இடம் தெரியாது."

இசக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. "அக்கா, இது வேட்டி இல்ல. காரு."

"மஞ்சளுக்குத் தெரியுமாலே அது வேட்டியா காரான்னு?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வாடிக்கையாளரோ வேலையாளோ நல்ல வார்த்தை சொன்னால் டைரியில் எழுதிக்கொள்வது என் பழக்கம். அப்போது எழுதக் கை வரவில்லை.

இசக்கி ஷாம்பூவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தான். சிவப்பு முழுக்கப் போனது. மஞ்சள் அப்படியே இருந்தது. இனி வெயில்தான். தாளில் ஏழாவது வரி வெயில் கூடாது என்கிறது. உள்ளே இருந்தால் கறை போகாது, வெளியே போனால் விதியை மீறியதாகும். ஒன்பதரை மணிக்கு நான் முடிவு செய்தேன்.

அந்தக் காரின் அடியில் ஒரு சாண்கூட உயரம் இல்லை. வாசல் படியில் பலகை போட்டு, அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தோம். கூடவே குனிந்து நடந்த இசக்கி சொன்னான்: "நம்மூரு ஸ்பீட் பிரேக்கர்ல இது ஏறிச்சுன்னா, தேருக்கு மாதிரி வடம் கட்டித்தான் இழுக்கணும் அண்ணாச்சி."

4. கண்ணாடிக் கதவுக்கு வெளியே

எங்கள் ஷோரூம் பாளையங்கோட்டையிலிருந்து டவுண் போகிற ரோட்டில் இருக்கிறது. டவுண் பஸ் எல்லாம் வாசலோடுதான் போகும். பத்து மணிக்கு ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய, கண்டக்டர் கத்தினார்: "பாக்கதுன்னா இறங்கிப் பாருங்க, பஸ்ஸக் கவுத்துராதீய!" நாலு பேர் உண்மையிலேயே இறங்கிவிட்டார்கள்.

அப்புறம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாக்கள், காலேஜ் பிள்ளைகள், அல்வாக் கடை மாஸ்டர் ஒருவர், மாட்டுத் தீவனம் ஏற்றிய ஆட்டோக்காரர். எங்கள் கண்ணாடிக் கதவை ஒருநாளும் தள்ளிப் பார்த்திராதவர்கள். உள்ளே ஏ.சி.யும் டை கட்டிய பையன்களும் இருப்பதால், கார் வாங்காதவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற காருக்கு முன்னால் கண்ணாடிக் கதவு இல்லையே.

அவர்கள் பேசியதைக் கேட்க வேண்டும். அல்வா மாஸ்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது ஓடவே வேண்டாம்வே. நின்னுக்கிட்டே ஓடுது" என்றார். குமாஸ்தா ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நண்பரிடம் சொன்னார்: "ரெண்டே சீட்டு. மச்சினனைக் கூட்டிட்டுப் போவ முடியாது. அதுக்காவே வாங்கலாம்."

நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பானெட்டைக் குனிந்து பார்த்தேன். ஒரு அம்மா தன் பெண்ணிடம், "பாவம், வண்டிக்காரரு. கண்ணு பட்டுரும்னு பயப்படுதாரு" என்றது காதில் விழுந்தது. பயம் என்னவோ சரிதான்.

பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் வெளிறியது. ஒன்றரைக்கு விளிம்பு கரைந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பேச்சியக்கா மட்டும் தூக்குவாளியைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

5. "ஐடியா இல்லை சார்"

மூன்று மணிக்குச் சேரன்மகாதேவியிலிருந்து அரிசி ஆலை அண்ணாச்சி வந்தார். ஏழு வருஷமாக எங்கள் கார் வைத்திருப்பவர், சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்க வந்திருந்தார். பிரேக் பேடு சென்னையிலிருந்து வர வேண்டியிருந்ததால் பதினோரு நாள் ஆகிவிட்டது. திட்டப் போகிற முகத்தோடு வந்தவர், சூப்பர் காரைக் கண்டதும் திட்டாமல் நின்றார். அவருடைய காரைத் தற்செயலாக அதன் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

மூன்றரைக்கே ரீஜினல் மேனேஜர் இறங்கிவிட்டார். சென்னைக்காரர், வயது நாற்பதுக்குள். நான் பானெட்டைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. இசக்கி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் மூச்சு விட்ட அளவுக்கு இருப்பதாக என் காதோடு சொன்னான்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வெளிய நிறுத்தலாம்னு யாரோட ஐடியா சார்? எல்லா ஊர்லயும் உள்ள வச்சு கயிறு கட்டிடறாங்க. நாலு பேர் வந்து செல்பி எடுத்துட்டுப் போயிடறாங்க. இங்க ஊரே வந்து பேசிட்டு நிக்குதே!"

நான் சிரித்தால் போதும். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஆனால் அன்று சாயங்காலம் காரை ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர், கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஊர் ஷோரூம் விளக்கில் அந்த இடம் தெரிந்துவிட்டால், அது அந்த மனுஷன் தலையில் விழும்.

"ஐடியா இல்லை சார். கறை" என்றேன்.

சந்தனத்திலிருந்து வெயில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. மண்டியிட்டு, போன் டார்ச்சை அடித்துப் பானெட்டை மேலும் கீழும் பார்த்தார். அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்பது குடும்பமும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

"எங்க இருந்தது?"

"இங்கன சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நடந்ததைப் பேப்பர்ல நானே எழுதிடறேன். டிரைவர் மேல வராது. வெயில் கூடாதுன்னு போட்டிருக்கே, தெரியுமா?"

"ஏழாவது வரி சார்."

"அப்போ படிச்சிருக்கீங்க!"

"பதினெட்டும் படிச்சேன் சார். சந்தனத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

6. அரிசி ஆலை அண்ணாச்சியின் தீர்ப்பு

டீ வந்தது. மேனேஜர் கேட்டார்: "மேலிடத்துல இந்தக் காரைத் தயாரிக்கறதையே நிறுத்திடலாமான்னு பேசறாங்க. விக்கறது கொஞ்சம், செலவு ஏராளம். நம்ம பிராண்டுக்கு இது வேணுமா, என்ன நினைக்கறீங்க?"

முந்தின நாள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் அரிசி ஆலை அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"நான் சொல்லட்டா சார்? இதை நான் வாங்க மாட்டேன். ஏறி உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். ஆனா இதுக்குப் பக்கத்துல என் வண்டியைப் பாத்தேன். மூக்கும் முழியும் ஒண்ணு போல, இதுக்குத் தம்பி மாதிரில்லா இருக்கு! ஏழு வருஷமா ஓட்டுதேன், இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது."

"அப்போ வேணும்னு சொல்றீங்க."

"இரிங்க சார், முடிக்கல. இம்புட்டு வேகமா ஓடுத வண்டியைச் செய்யத் தெரிஞ்ச கம்பெனிக்கு, ஒரு பிரேக் பேடைப் பதினோரு நாளைக்குள்ள திருநெல்வேலிக்கு அனுப்பத் தெரியலையே? இதைப் பாக்காம இருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது. பெரிசாக் காட்டினா பெரிசாக் கேப்போம்லா."

மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். நானும் டைரியை எடுத்தேன்.

நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது அதுதான். விலை கூடிய கார் விற்கிற கம்பெனிக்கு, யாரும் வாங்காத அந்தக் காரும் தேவைதான். அது இருந்தால்தான் ஏழு வருஷப் பழைய காருக்கும் ஒரு குடும்பப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்காதவன் தொட்டுவிடும் தூரத்தில் நிறுத்த வேண்டும். அதைக் காட்டிய கையோடு ஸ்டோர் ரூமில் பிரேக் பேடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது முடியாதென்றால் முதலாவதைச் செய்யாமலிருப்பது நல்லது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. திருநெல்வேலி ஷோரூம் அங்கேயே இருக்கும், முக்கியமான உதிரிபாகங்களுக்குத் தனி ஸ்டோரும் வரும் என்று எழுதியிருந்தார்கள். மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். பையன்கள் கை தட்டினார்கள். இசக்கி சட்டென்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பேச்சியக்கா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கும் வரணும்னு சொல்லுதீரு" என்றார்.

"ஆமாக்கா. நாளைக்கும் வரணும்."

"சரி, அப்ப தொடைப்பம் புதுசு ஒண்ணு வாங்கித் தாரும். மூடப் போற கடைதானேன்னு ஒரு மாசமாப் பழசை வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன்."