ஆணி அறைந்த யன்னலும் அத்தானின் உப்பும்

என் மகள் படுத்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதை என் கணவரின் தமையனார் ஆணி அறைந்து மூடினார். அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் இறந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அப்படியிருந்தும் மன்னிக்கவில்லை.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டதும் திருகோணமலை பாதி வெறிச்சோடியது. நாங்களும் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் மூதூர்ப் பக்கம் ஓடினோம். என் கணவருக்குக் கப்பல் திருத்தும் பட்டறையில் வேலை. உடனே திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பட்டறையிலிருந்து ஆள் வந்து சொன்னார். திரும்பி வந்தபோது நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குக் கூரை இல்லை. வேறு வழியின்றித் தமையனாரிடம் ஓர் அறை கேட்டோம். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். மனைவியை இழந்து தனியாக இருந்தார். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

"இருங்கோ. ஆனா என்ர வீட்டில என்ர சொல்லுத்தான்" என்றார். அதுதான் அவர் தந்த வரவேற்பு.

அப்போது ஊர் முழுக்க இருட்டடிப்பு. பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் வெளியே தெரிந்தால் காவலுக்கு வருகிறவர்கள் விசில் ஊதுவார்கள். ஒருநாள் எங்கள் அறை விளக்குக்கு ஊதிவிட்டார்கள். மறுநாள் காலை அத்தான் தார்க் கடதாசியையும் சாக்கையும் யன்னலில் வைத்து அறைந்தார். சுவரின் மேல்பக்கம் காற்றுப் போக இருந்த ஓட்டைகளையும் சீமெந்து பூசி அடைத்தார்.

"பகலில திறந்து வைப்பம், அத்தான். பின்னேரம் நானே மூடிவிடுறன்" என்றேன்.

"நீர் ஒருநாள் மறந்தா மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுறது நான். கதையை விடும்."

கோடையில் அது வெறும் புழுக்கமாகத்தான் இருந்தது. மாரி தொடங்கியதும் அந்த அறை எங்கள் மீது பகை கொண்டதுபோல ஆகிவிட்டது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. நெருப்புக்குச்சி பற்றாது. கணவரின் தோல் இடுப்புப்பட்டியில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. அலுமாரியில் மடித்து வைத்த என் கூறைச் சேலையில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. துடைத்த இடத்தில் மூன்றாம் நாள் மறுபடியும் பூஞ்சணம் வரும். மூச்சை இழுத்தால் நனைந்த சாக்குக்குள் தலையை விட்டதுபோல இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அத்தான் பக்கத்து அறையில் உப்பு மூட்டைகளை இறக்கினார். சண்டை நீண்டால் உப்புக்குத் தட்டுப்பாடு வரும் என்று நினைத்து, நிலாவெளி அரசாங்க உப்பளத்திலிருந்து களவாகக் கொண்டுவந்து அடுக்கியவை அவை. யன்னல் ஏன் திறக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. யன்னல் வழியே மழைக்காற்று வந்தால் உப்புக் கரைந்துவிடும் என்ற பயம் அவருக்கு. ஆனால் மூடி வைத்தும் மூட்டைகள் நீர் விட்டன. அந்த நீர் தரையில் ஊறி, இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. பிள்ளையின் பாய் அந்தச் சுவரோரம்தான் கிடந்தது. வேறு இடமில்லை.

மகளுக்கு முதலில் தும்மல் வந்தது, பிறகு இருமல். கார்த்திகையில் முட்டு வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். படுக்க ஏலாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குடையைப் பிடித்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அங்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி அவள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, எங்கே படுக்கிறாள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"மருந்து தாறன். ஆனா அந்த அறைக்குள்ளயே வைச்சிருந்தா மருந்து வேலை செய்யாது, பிள்ளை. ஈரக் காத்தும் பூஞ்சணமும் சேர்ந்துதான் இவளுக்கு இழுக்குது. பகலில எல்லாத்தையும் திறந்து விடுங்கோ."

அதை அப்படியே அத்தானிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கட அம்மா இந்த வீட்டிலதான் எங்களை வளர்த்தவ. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்ல. உம்மட பக்கத்து ஆக்களிட்ட இருந்து வந்த வருத்தம் அது."

என் பக்கத்து நோயாம்! நான் கணவரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிரே அவர் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு அவர் மீதும் எனக்கு வெறுப்பு வந்தது.

நான் யன்னலின் கடதாசியைக் கிழித்தேன். மாலையில் அத்தான் அதை மறுபடியும் அறைந்தார். இரண்டாம் தரம் கிழித்தேன். அவர் பலகை வைத்து அறைந்தார்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம், இரண்டு ஆண்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். மகளுக்கு என்றுமில்லாத முட்டு. உதடு நீலம் பாரித்துவிட்டது. "அம்மா" என்று சொல்லக்கூட அவளிடம் மூச்சில்லை. அவளை வாசலில் காற்றுப்படும்படி இருத்திவிட்டுக் குசினிக்குப் பின்னால் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து வந்தேன். பலகைக்குள் விட்டு நெம்பினேன். பலகையோடு யன்னல் சட்டமும் பெயர்ந்து வந்தது. கடற்காற்று அறைக்குள் பாய்ந்தது. வாசலில் மகளின் உதட்டில் நீலம் மெல்லக் குறைந்தது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பக்கத்து அறைப் பூட்டையும் அலவாங்கால் உடைத்தேன். மூட்டைகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்தேன். ஈரத்தில் அவை பிணம்போலக் கனத்தன. கைத்தோல் உரிந்து, அதில் உப்புப் பட்டு எரிந்தது. சாக்குகளைக் கத்தியால் கீறிவிட்டேன். பிறகு மழை வந்தது. வாசல்படியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, உப்புக் கரைந்து தெருவோரக் கானுக்குள் ஓடுவதைப் பார்த்தபடி இருந்தேன்.

அத்தான் வந்து முற்றத்தில் நின்றார். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் அவர் தோளை நனைத்தது.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"உமக்கு விசரோ?"

"ஓம். பொலிசில போய்ச் சொல்லுங்கோ. உப்பு எங்கயிருந்து வந்ததெண்டு அவங்கள் கேப்பாங்கள்."

அவர் கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. "விடியமுதல் இந்த வீட்டை விட்டுப் போயிடவேணும்" என்று மட்டும் சொன்னார்.

கணவர் வேலை முடிந்து வந்ததும், பொழுதுபடும் முன்னே போனோம். சாம்பல்தீவில் கணவரோடு வேலை செய்த ஒருவர் ஓலைக் கொட்டில் ஒன்றைத் தந்தார். மழைக்கு ஒழுகியது. ஆனால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. வெயில் எறித்தால் பாய் காய்ந்தது. தை பிறந்தபோது மகள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். கணவர் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் கேட்டார்: "யன்னல் சரி. உப்பை ஏன் கரைச்சனீர்?"

பிள்ளைக்காக என்று சொன்னேன். அது பொய். யன்னலை உடைத்தது பிள்ளைக்காக. உப்பைக் கரைத்தது என் ஆத்திரத்துக்காக. அது அவருக்கும் தெரியும். அதன்பிறகு நெடுநாள் எங்களுக்குள் பேச்சுக் குறைவாகவே இருந்தது.

ஜப்பான்காரனோடு சண்டை முடிந்த வருடம் அத்தான் சாம்பல்தீவுக்கு வந்தார். தம்பியைக் கூட்டிப்போக வந்திருப்பார் என்று நினைக்கிறேன். உள்ளே வரச் சொல்லி நான் கேட்கவில்லை. கதிரையும் போடவில்லை. மகள் வெளியே வந்து அவரை யாரோ எவரோ என்று பார்த்தாள்.

"இப்பவும் இழுக்குதோ?" என்று என்னிடம் கேட்டார்.

"மாரியில வரும்" என்றேன்.

அவர் வேலிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வந்த வழியே நடந்தார். நான் கூப்பிடவில்லை.