ஐந்தாவது புள்ளி

ஹோட்டலை இழுத்து மூடியதும் சலவை அக்காவுக்கு வேலை போயிற்று. அந்தப் பெயர், உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது. விரிப்பில் என்ன கறை பட்டாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் கறை எடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். "ரெஸ்யூமே கொண்டாங்க. ஒரே பக்கம், பாயின்ட் பாயின்ட்டா இருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாயின்ட் பாயின்ட்டாக எழுதித் தரச் சொல்லி, ஒன்பதாவது படிக்கும் மகளிடம் பேனாவை நீட்டினாள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பாயின்ட்டுன்னே சொல்லாதம்மா. அதுக்குத்தான் வரலாறு டீச்சர் பாதி மார்க்கைக் கழிச்சுட்டாங்க. ராஜா ஏன் தோத்தான்னு கேட்டா, பஞ்சம், வரி, படைன்னு மளிகைச் சாமான் மாதிரி அடுக்கியிருக்கேனாம். பஞ்சத்துல வரியைக் கூட்டினான், ஜனங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க, அதனால படைக்கு ஆள் கிடைக்கலன்னு கோத்து எழுதணுமாம்."

"அப்ப ஆஸ்பத்திரியில மட்டும் ஏன்டி பாயின்ட் கேக்குறாங்க?"

"யாருக்குத் தெரியும்!"

இஸ்திரி போடத் தெரியும் என்பதில் தொடங்கி, அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். நான்காவது புள்ளி, 'நன்றாகத் துவைப்பேன்'. பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா துவைப்பேன்னு யாருதான் எழுத மாட்டாங்க? நீ செஞ்சதைச் சொல்லு. ஹோட்டல்ல பாய்லர் நின்னு போன அன்னிக்கு என்ன பண்ணின?"

"அது பெரிய கதையாச்சே. ஒரு புள்ளிக்குள்ள எப்படிங்க அடங்கும்?"

வெட்டி வெட்டிச் சுருக்கினார்கள். 'பாய்லர் நின்ற அன்று, கறை படிந்த விரிப்புகளைக் கையாலேயே வெளுத்து, மதியத்துக்குள் எல்லா அறைகளுக்கும் கொடுத்தேன்.' அதைப் படித்துப் பார்த்த அக்காவுக்குக் குழப்பமாக இருந்தது. அன்று அழுத அழுகை அதில் இல்லை. விரல் கொப்பளித்ததும் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. அரை மனதாக அதை ஐந்தாவதாகச் சேர்த்தாள்.

நேர்காணலில் அதிகாரியம்மா தாளை ஒரு பார்வை பார்த்தார். "இஸ்திரி தெரியுமா? நல்லதாப் போச்சு. அங்கதான் ஆள் குறையுது."

"மேடம், நான் கறை எடுக்குற வேலைக்குத்தான் வந்தேன். கீழ எழுதியிருக்கேனே..."

அவர் கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். "இதைப் போய் அடியில போட்டிருக்கீங்களே! காலையிலேருந்து பேப்பராப் பாத்து, ரெண்டு வரிக்கு மேல கண்ணு இறங்கல. அந்த இடத்துக்கு இப்பத்தான் ஒருத்தரை எடுத்தேன்."

ஆக, கிடைத்தது இஸ்திரி வேலை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வீடு வந்தாள்.

முதல் நாள், விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நின்ற பெண், "முன்னாடி என்ன வேலைக்கா பாத்தீங்க?" என்று கேட்டாள்.

எதை முதலில் சொல்வது, எதை விடுவது? விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே யோசித்தாள்.

"சும்மா முழுசாவே சொல்லுங்கக்கா, சாயங்காலம் வரைக்கும் இங்கதானே நிக்கப் போறோம்" என்றாள் அந்தப் பெண்.