என் இரத்தத்தின் செறிவு

கரும்பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் அது தொடங்கியது. அரை லீற்றர் கரைசலில் 5.85 கிராம் கறியுப்பு இருந்தால் அதன் செறிவு என்ன? நான் தூக்கத்திலும் செய்யக்கூடிய கணக்கு. மூல் எண்ணிக்கை வந்துவிட்டது. அதைக் கனவளவால் பெருக்குவதா, பிரிப்பதா என்று தெரியவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் தங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் வெண்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் என் கணவர் முச்சக்கர வண்டியில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். உரும்பிராய்ச் சந்தியைக் காட்டி, இது எந்த ஊர் என்று அவரிடம் கேட்டேனாம். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது.

இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, 116 என்றார்கள். 135க்குக் கீழே போகக் கூடாது. போனால் மூளைக் கலங்கள் (செல்கள்) தண்ணீரை உறிஞ்சி வீங்கும். தடுமாற்றத்தில் தொடங்கி வலிப்பு வரை போகலாம்.

வாட்டில் டொக்டர் ஓர் இளம் பெண். எங்கள் பழக்கவழக்கங்களைக் கேட்டார். கணவர் பெருமையாகவே சொன்னார். பிரஷர் வந்த நாளிலிருந்து என் சோற்றில் உப்புக் கல் விழுந்ததில்லை. எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர்; சிறுநீரகத்தில் கல் வந்துவிடும் என்ற பயத்தில் வடிகட்டிய தண்ணீரை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு போத்தல் குடிப்பேன். போதாக்குறைக்கு, பிரஷருக்குத் தந்த குளிசையும் உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றும் வகை.

உப்பு குறைந்ததைவிடத் தண்ணீர் கூடியதுதான் பிரச்சினை என்றார் டொக்டர். ஐதாக்கல் (தண்ணீர் சேர்த்துச் செறிவைக் குறைத்தல்). வருடாவருடம் நான் படிப்பிக்கும் பாடம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

குளிசையை நிறுத்தி, அடர்ந்த உப்புக் கரைசலை நாளம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களோ ஆளுக்கு இரண்டு இளநீரோடு வந்தார்கள். கணவர் வாசலிலேயே திருப்பி அனுப்ப, சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

தலை கொஞ்சம் தெளிந்ததும் எனக்கு வைராக்கியம் வந்தது. உயர்தரச் சோதனைக்கு முன் வகுப்புக்குப் போயாகவேண்டும். பிள்ளைகளை நடுவழியில் விடமுடியாது. தண்ணீர் குறையக் குறையச் செறிவு ஏறும் என்று படுத்தபடியே கணக்குப் போட்டேன். தந்த அளவைக்கூடக் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒட்டட்டும் என்று கிடந்தேன்.

மறுநாள் இரத்த அறிக்கை வந்தது. எண் நன்றாக ஏறியிருந்தது. பாராட்டுவார் என்று பார்த்தேன். டொக்டரின் முகம் இறுகியது. ஏற்றிக்கொண்டிருந்த கரைசலை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"இதைக் குடியுங்கோ டீச்சர். இவ்வளவு கெதியா ஏறக்கூடாது."

"ஏறவேணும் எண்டுதானே பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

"ஓம், ஏறத்தான் வேணும். ஆனால் மெல்ல. இது ஆய்வுகூட முகவை இல்லை, உங்கடை மூளை."

ஐதான இரத்தத்துக்குக் கலங்கள் பழகிவிட்டிருக்குமாம். செறிவு சடுதியாகக் கூடினால் மூளை நரம்புகளின் உறை சிதையும். பேச்சுப் போகலாம், கைகால் விழலாம். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே அழுதேன். என் வைராக்கியமே என்னை விழுத்தப் பார்த்திருக்கிறது.

அதன்பிறகு வேறு வகையாகப் பிடிவாதம் பிடித்தேன். இன்றைக்கு எண் இவ்வளவு ஏறினால் போதும் என்று டொக்டர் சொன்ன இடத்தில் நானும் நின்றேன். நிற்பது தாகத்தைவிடக் கடினமாக இருந்தது.

இதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் உப்பை அள்ளிப் போட்டோ, தண்ணீரை நிறுத்தியோ நீங்களே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். குளிசையையும் கேட்காமல் விடாதீர்கள். எண் சரியான பிறகும் தலை உடனே திரும்பாது. எனக்குச் சில சொற்கள் வாரக்கணக்கில் பிந்தித்தான் வந்தன. ஆனால் வந்தன.

சோதனைக்கு முன் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். இப்போது தாகம் எடுத்தால்தான் குடிக்கிறேன். எத்தனையோ வருடம் அது வருவதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. நேற்றும் கணவர் குவளையோடு வந்து நின்றார்.

"இன்னும் ஒண்டும் குடிக்கேல்லையே?"

"தாகம் வரட்டும்," என்றேன். அவர் குவளையை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்துகொண்டார்.